அயர்லாந்து போகிறோம், மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். அந்த ஊர்ச் சாப்பாட்டையும் உபசரிப்பையும் சரியாக அனுபவிப்பது எப்படி?

மாட்டிறைச்சியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அது காலையிலேயே தட்டில் வந்து நிற்கக்கூடும். வீட்டோடு நடத்தும் பி அண்ட் பி விடுதிகளில் வாடகைக்குள் பெரும்பாலும் முழு ஐரிஷ் காலை உணவும் அடக்கம்: ரேஷர் எனும் உப்புப் பன்றிக்கறி, சாசேஜ், முட்டை, காளான், தக்காளி, கறுப்பு புட்டிங், வெள்ளை புட்டிங், ரொட்டி, டீ. புட்டிங் என்றதும் இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்பு என்பது ரத்தமும் ஓட்ஸும் அடைத்த சாசேஜ். வழக்கமாகப் பன்றி ரத்தம். ஆனால் கார்க் மாவட்டத்து கிளோனகில்ட்டி என்ற ஊரின் பெயர்பெற்ற புட்டிங்கில் இருப்பது மாட்டிறைச்சியும் மாட்டு ரத்தமும். வெள்ளையில் ரத்தம் கிடையாது. எது வேண்டாமோ அதை முந்தின இரவே சொல்லிவிடுங்கள். எத்தனை மணிக்கு, என்னென்ன வேண்டும் என்று பல வீடுகளில் அவர்களே கேட்பார்கள்.

மற்றபடி, கின்னஸ் எனும் கறுப்பு பீர் ஊற்றிச் செய்யும் கின்னஸ் ஸ்டியூ என்றால் அநேகமாக மாடுதான். ஐரிஷ் ஸ்டியூ மரபுப்படி ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர், அவ்வளவே. கொத்துக்கறிக்கு மேல் மசித்த உருளைக்கிழங்கு பரப்பிச் சுடும் ஷெப்பர்ட்ஸ் பை ஆட்டுக்கறியில் செய்ய வேண்டியது. மாட்டுக் கொத்துக்கறி போட்டும் அதே பெயரில் விற்கிறார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். சில சிப்ஸ் கடைகளில் பொரிப்பதே மாட்டுக் கொழுப்பில்.

மேற்குக் கடற்கரைப் பக்கம் போனால் மதியத்துக்கு மீன் சௌடரும் பழுப்பு ரொட்டியும் போதும். மீனும் சிப்பியும் போட்ட பால் சூப் அது. சிலர் பன்றிக்கறியும் சேர்ப்பார்கள். கூட வரும் ரொட்டிதான் என் கணக்கில் அந்த நாட்டின் சிறந்த உணவு. ஈஸ்ட் இல்லை, சமையல் சோடாவும் மோரின் புளிப்பும் சேர்ந்து பொங்க வைக்கின்றன.

ஊர் திரும்பியும் செய்யலாம். மைதா 450 கிராம், உப்பு 1 டீஸ்பூன், சோடா 1 டீஸ்பூன், மோர் 350 முதல் 400 மி.லி. பழுப்பு ரொட்டிக்குப் பாதி மைதாவை எடுத்துவிட்டுக் கோதுமை மாவு போடுங்கள். நம் நீர்மோர் உதவாது. புளித்த தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்த கெட்டி மோர் வேண்டும். சேர்ந்ததும் நிறுத்துங்கள், பிசையக் கூடாது. பிசைந்தால் இழுவை வந்து ரொட்டி கட்டியாகிவிடும். மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு உடனே ஓவனில் வையுங்கள், தாமதித்தால் நுரை அடங்கிவிடும். 230 டிகிரியில் 15 நிமிடம், 200இல் 30 நிமிடம். அடியில் தட்டினால் வெற்று டப்பா ஓசை வர வேண்டும். அன்றைக்கே சாப்பிடுங்கள், மறுநாள் டோஸ்ட் போடத்தான் ஆகும்.

பப்பில் பலர் ஏமாறுவது நேரத்தில்தான். குடி கிட்டத்தட்ட நள்ளிரவு வரை நடக்கும், ஆனால் சமையலறை 9 மணிக்கே, சிற்றூர்களில் அதற்கும் முன்பே மூடிவிடும். குழந்தைகளுக்கும் பொதுவாக 9 மணிதான் எல்லை, மே முதல் செப்டம்பர் வரை 10. குடிக்க வேண்டியதைக் கவுண்டரில் நீங்களே போய்க் கேட்க வேண்டும்; மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வராமல் போகலாம். கின்னஸை முக்கால்வாசி ஊற்றி அப்படியே வைத்துவிடுவார்கள். மறந்துவிட்டார்கள் என்று கையை நீட்டாதீர்கள். நுரை பிரிந்து மேலேற ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும், பிறகுதான் நிரப்புவார்கள்.

உள்ளூர்க்காரர் ஒருவர் உங்களுக்கு வாங்கித் தந்தால் அது 'ரவுண்ட்': அடுத்த முறை அவருக்கும் சேர்த்து நீங்கள் வாங்க வேண்டும். குடிக்காதவர் டீயோ எலுமிச்சைச் சோடாவோ கேட்கலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ரவுண்டில் சேர விருப்பமில்லை என்றால் முதல் கோப்பைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், நடுவில் நழுவுவதுதான் மரியாதைக் குறைவு.

வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுக்கும்போது நடப்பது நமக்குப் பழகிய நாடகம்தான். முதல் 'வேண்டாம்' கணக்கிலேயே வராது, இரண்டாவதும் அப்படித்தான். உண்மையிலேயே வேண்டாம் என்றால் 'இப்போதுதான் குடித்தேன்' என்று காரணத்தோடு சொல்லுங்கள். அப்போதும் பிஸ்கட் தட்டு வரும். வெறுங்கையோடு போகாமல் ஒரு கேக்கோ சாக்லேட் பெட்டியோ கொண்டுபோவது வழக்கம்.

கவுண்டரில் வாங்கிய குடிக்கு டிப்ஸ் வேண்டாம். மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறிய சாப்பாட்டுக்குச் சுமார் 10 சதவீதம் வையுங்கள், பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.