கேமராவைத் திறந்தால் லேசர் மென்பொருள் மூடிக்கொள்கிறது: புதுக் கேமரா வாங்கலாமா?

கேள்வி: சின்ன சிஓ2 லேசர் கட்டிங் மெஷின் வைத்திருக்கிறேன். அக்ரிலிக் பெயர்ப்பலகை, எம்.டி.எஃப். கீசெயின், கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட் எல்லாம் செய்து கொடுக்கிறேன். லேப்டாப்பில் உபுண்டு. மெஷின் மூடியில் ஒரு யூஎஸ்பி கேமரா மாட்டியிருக்கிறது. மென்பொருளில் கேமராவைத் திறந்தால் ஒரு நொடி படம் வருகிறது, அப்புறம் மென்பொருளே மூடிக்கொள்கிறது. சில நேரம் படமே வராமல் மூடிக்கொள்ளும். மெஷின் விற்றவர், "கேமரா போச்சு, 8 மெகாபிக்சல்ல புதுசு வாங்கிப் போடுங்க" என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கேமரா கெட்டுப்போனதா என்று யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை, அதற்குள் பணம் போட வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கேமரா உண்மையிலேயே கெட்டிருந்தாலும் ஒரு நல்ல மென்பொருள் "கேமரா கிடைக்கவில்லை" என்று செய்தி காட்ட வேண்டுமே தவிர, நீங்கள் வரைந்து வைத்த டிசைனோடு சேர்ந்து மூடிக்கொள்ளக் கூடாது. அந்தப் பங்கு மென்பொருள் செய்தவர்களுடையது, உங்களுடையதும் இல்லை, கேமராவுடையதும் இல்லை.

முதல் வேலை, லேசர் மென்பொருளை மூடிவிட்டு அதே கேமராவை, அதே கேபிளில், அதே போர்ட்டில் வைத்து வேறொரு மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது. ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம், லினக்ஸில் நன்றாக ஓடும். அதில் 'வீடியோ கேப்சர் டிவைஸ்' சேர்த்தால் எந்தக் கேமரா, எந்த ஃபார்மேட், எந்த ரெசல்யூஷன் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம், அதனால்தான் வேறு எதையும் விட்டு அதைச் சொல்கிறேன். அரை மணி நேரம் அப்படியே ஓட விடுங்கள். படம் உறையாமல் ஓடினால் கேமரா நன்றாகவே இருக்கிறது. அங்கேயும் படம் நின்றால் கேபிள், போர்ட், ஹப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், கடைசியாக வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். எல்லாம் மாற்றியும் நின்றால்தான் கேமராவைச் சந்தேகப்பட வேண்டும்.

ஓபிஎஸ்ஸில் ஓடுகிறது, லேசர் மென்பொருளில் மட்டும் மூடிக்கொள்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது ஃபார்மேட்டைத்தான். சாதாரண யூஎஸ்பி கேமராக்கள் இரண்டு வகையில் படம் அனுப்பும், ஒன்று சுருக்காத ஒய்யூஒய்வி, இன்னொன்று சுருக்கிய எம்ஜேபெக். 1920 x 1080 அளவில் சுருக்காத படம் ஒன்றுக்கே 4 எம்பிக்கு மேல் ஆகும், நொடிக்கு 30 படம் என்றால் சுமார் 124 எம்பி. யூஎஸ்பி 2.0-வின் உச்ச வேகமே நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பிதான், நடைமுறையில் அதுவும் கிடைக்காது. ஆக, பெரிய படத்தைச் சுருக்காமல் கேட்கும் மென்பொருள் ஒன்று நொடிக்கு நாலைந்து படத்தோடு இழுத்துக்கொண்டு இருக்கும், இல்லையென்றால் விழுந்துவிடும். ரெசல்யூஷனை 1280 x 720-க்கு, இல்லை 640 x 480-க்குக் குறைத்துத் திறந்து பாருங்கள். குறைத்தால் ஒழுங்காக ஓடுகிறது, கூட்டினால் விழுகிறது என்றால் உங்கள் விஷயம் இதுதான். இந்த நிலையில் 8 மெகாபிக்சல் கேமரா வாங்கியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிதாகியிருக்கும்!

அடுத்து, லேசர் மென்பொருளை ஐகானைத் தட்டித் திறக்காமல் டெர்மினலிலிருந்து திறங்கள். மூடிக்கொள்வதற்கு முன் அது கடைசியாகச் சொன்ன நாலைந்து வரிகள் அங்கே நிற்கும். பக்கத்தில் இன்னொரு டெர்மினலில், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பதிவை, அதாவது டி-மெசேஜை (dmesg என்ற கட்டளை) ஓட விடுங்கள். யூஎஸ்பி டிஸ்கனெக்ட் என்று வந்தால் கேமரா மின்சார அளவிலேயே அறுந்து போகிறது, கேபிளையும் ஹப்பையும் பாருங்கள். -71 என்ற எண் வந்தால் தகவல் வழியில் சிதைகிறது, அதுவும் பெரும்பாலும் கேபிள் அல்லது மின் இரைச்சல் (பக்கத்து மின் கருவிகளிலிருந்து கேபிளில் ஏறும் தொந்தரவு). 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வந்தால் ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நினைத்து கோப்புகளை அழிக்க ஆரம்பிக்காதீர்கள், கேமரா விஷயத்தில் அதற்கு யூஎஸ்பி வழியில் இடமில்லை என்று அர்த்தம். ஒரே ஹப்பில் இரண்டு கேமரா போட்டிருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும், தனித்தனி போர்ட்டுக்கு மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும். 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று மட்டும் வந்தால் மென்பொருள் தன்னுடையதல்லாத நினைவகத்தைத் தொட்டு விழுந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டியது மென்பொருள் செய்தவர்கள். அந்த வரிகளையும் கேமராவின் மாடலையும் உபுண்டு பதிப்பையும் சேர்த்து அவர்களின் சப்போர்ட்டுக்கு அனுப்புங்கள். "கிராஷ் ஆகிறது" என்று மட்டும் எழுதினால் அவர்களாலும் எதுவும் செய்ய முடியாது.

இன்னும் சில இடங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கர்னல் 4.16-லிருந்து ஒரு கேமரா பட்டியலில் இரண்டாகத் தெரியும், அதில் ஒன்றில்தான் படம் வரும், மற்றது மெட்டாடேட்டாவுக்கு, அதாவது படத்தைப் பற்றிய குறிப்புகளுக்கு. மென்பொருளின் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால் இரண்டையும் முயன்று பாருங்கள். லேப்டாப்பின் சொந்தக் கேமராவும் அதே பட்டியலில் குறுக்கே வரும், முகத்தைப் பார்த்து லாகின் ஆகும் லேப்டாப் என்றால் கூடவே ஓர் இன்ஃப்ராரெட் கேமராவும் இருக்கும், பயாஸில் அவற்றை அணைத்துவிட்டுச் சோதித்தால் குழப்பம் குறையும். பிரவுசரில் வீடியோ கால் டேப் ஏதாவது கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பயனர் கணக்கு 'வீடியோ' குழுவில் இருக்கிறதா என்பதும் ஒரு நிமிட வேலை. மென்பொருளை ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக்காக (மற்றவற்றிலிருந்து தனித்து ஓடும் பொட்டலமாக) நிறுவியிருந்தால் கேமரா அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். உபுண்டு 22.04, 24.04 என்றால் லாகின் திரையில் பல்சக்கரக் குறியைத் தட்டி வேலண்டுக்குப் பதில் எக்ஸ்ஆர்க்கில் (இரண்டும் திரையில் விண்டோக்களைக் காட்டும் முறைகள்) நுழைந்தும் ஒரு முறை பாருங்கள், விண்டோ வரைவதில் வரும் கிராஷ்கள் அப்போது நின்றுவிடுவதுண்டு.

மென்பொருள் திறந்த உடனேயே மூடிக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டால் கேமராவைக் கழற்றிவிட்டுத் திறங்கள், கேமரா தேர்வை 'எதுவுமில்லை' என்று மாற்றிச் சேமியுங்கள், அப்புறம் செருகுங்கள். பழைய தேர்வை நினைவில் வைத்துக்கொண்டு திறந்ததும் அதையே போய்த் தொடுவதால்தான் பெரும்பாலும் அப்படி ஆகும்.

கேள்வி: எனக்கு வேறு மாதிரி. கேமரா சும்மா இருக்கும்போது நன்றாக ஓடுகிறது. கட்டிங் ஆரம்பித்ததும் படம் உறைந்து மென்பொருள் மூடிக்கொள்கிறது, பாதி வெட்டிய ஷீட் வீணாகிறது. இதற்கும் ஃபார்மேட்தான் காரணமா?

பதில்: இல்லை, இது பெரும்பாலும் மின் இரைச்சல் அல்லது தளர்ந்த கேபிள். இரண்டையும் பிரித்துவிடலாம். பீம் வராமல், ஹெட் மட்டும் நகரும்படி அதே வேலையை ஓட்டுங்கள். அப்போதும் கேமரா விழுந்தால் அதிர்விலோ மூடியை ஏற்றி இறக்குவதிலோ கேபிள் தளர்ந்திருக்கிறது. ஹெட் நகரும்போது ஒன்றும் ஆகாமல் பீம் வந்ததும் விழுந்தால் சிஓ2 டியூபுக்குப் போகும் உயர் மின்னழுத்தத்தின் இரைச்சல் யூஎஸ்பி கேபிளில் ஏறுகிறது.

கேபிளை டியூப் ஒயரிலிருந்தும் பவர் சப்ளையிலிருந்தும் தள்ளி வேறு பக்கமாக இழுங்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும், இணையாக ஓட வேண்டாம். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, கடையில் கிடைக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷனை நடுவில் போட்டு நீட்டினால் அதற்கு முன்பே சிக்கல் வரும். ஷீல்டு உள்ள, நீளம் குறைந்த கேபிள், இரு முனையிலும் இரைச்சலைக் குறைக்கும் ஃபெரைட் வளையம், இவற்றுக்கு ஆகும் செலவு புதுக் கேமராவைவிட மிகக் குறைவு. மெஷினின் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், இதைத் தள்ளிப் போடாதீர்கள், இது கேமராவுக்காக மட்டும் சொல்வதில்லை, உங்கள் உயிருக்காகவும்தான். டியூப் பக்கத்து மூடியை மின்சாரம் இருக்கும்போது திறக்கவே கூடாது, அங்கே இருப்பது பல ஆயிரம் வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

அதுவரை ஷீட் வீணாகாமல் இருக்க ஒரு வழி: கேமராவை டிசைனைப் பொருத்துவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், ஒரு படம் எடுத்து, இடம் பார்த்து, கேமராவை அணைத்துவிட்டு அப்புறம் கட்டிங்கை ஆரம்பியுங்கள். வெட்டும்போது அந்தப் படம் எதற்கும் தேவையில்லை.

கேள்வி: சோதித்தேன், என் கேமரா உண்மையிலேயே போய்விட்டது. லினக்ஸுக்கு எதைப் பார்த்து வாங்குவது? பெட் (ஷீட் வைக்கும் தளம்) 600 மி.மீ. அகலம்.

பதில்: பெட்டியில் 'யூவிசி' (தனி டிரைவர் இல்லாமல் ஓடும் பொது முறை) என்று இருக்க வேண்டும், தனி டிரைவர் சிடி கேட்கும் கேமரா வேண்டாம். எம்ஜேபெக் அனுப்ப வேண்டும். ஆட்டோ ஃபோகஸ் வேண்டவே வேண்டாம், ஃபோகஸ் மாறும்போதெல்லாம் லென்ஸின் வளைவும் கொஞ்சம் மாறும், நீங்கள் மெனக்கெட்டுச் செய்த கேலிபரேஷன், அதாவது லென்ஸின் வளைவைக் கணக்கில் எடுத்துப் படத்தைப் பெட்டோடு ஒத்துப்போக வைத்த அளவுத்திருத்தம், தப்பாகிவிடும். கையால் திருகி நிறுத்தும் ஃபோகஸ்தான் இந்த வேலைக்கு நல்லது.

மெகாபிக்சலுக்குப் பின்னால் ஓடாதீர்கள். 1080 கேமராவில் 1920 புள்ளிகள் 600 மி.மீ.க்குப் பரவினால் மில்லிமீட்டருக்கு 3.2 புள்ளி கிடைக்கும். 5 மெகாபிக்சலில் 2592 புள்ளி, அதாவது 4.3. 8 மெகாபிக்சலில் 3264, அதாவது 5.4. ஷீட்டின் மூலையில் டிசைனைப் பொருத்த 1080 தாராளமாகப் போதும், லென்ஸ் கேலிபரேஷன் சுமாராக இருந்தால் 8 மெகாபிக்சலும் 2 மி.மீ. தள்ளித்தான் வெட்டும்.

காசு போட வேண்டியது லென்ஸ் கோணத்தில். 600 மி.மீ. அகலம் முழுதும் தெரிய 60 டிகிரி லென்ஸ் சுமார் 520 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், 90 டிகிரி என்றால் 300 மி.மீ. போதும். மூடியில் எவ்வளவு உயரம் கிடைக்கிறது என்று டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். 120, 160 டிகிரி லென்ஸ்கள் தாழ்ந்த மூடிக்கு உதவும், ஆனால் ஓரங்கள் வளைந்து தெரியும், கேலிபரேஷனில் ஃபிஷ்ஐ (மீன்கண் லென்ஸ்) என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பிற்பாடு ரெசல்யூஷனை மாற்றினால் கேலிபரேஷனைத் திரும்பச் செய்யுங்கள்.

கேள்வி: லேசர் மென்பொருளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. லினக்ஸில் கேமராவோடு வேலை செய்ய எது வாங்கலாம்?

பதில்: பலரும் வைத்திருப்பது லைட்பர்ன். அதை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: 1.7 வரிசைதான் லினக்ஸுக்குக் கடைசி என்று அந்த நிறுவனம் 2024-இல் அறிவித்தது. அதனால் புதுப்பிக்கும் நாளன்று அவர்களின் பதிவிறக்கப் பக்கத்தில் லினக்ஸுக்கான கோப்பு எந்தப் பதிப்பு வரை இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். லைசென்ஸோடு ஓராண்டு அப்டேட் வரும், ஆண்டு முடிந்த பின்னும் அதற்குள் வெளியான பதிப்பு தொடர்ந்து ஓடும். உங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பு பிடித்திருந்தால் புதுப்பிக்காமலே இருக்கலாம், அந்த இன்ஸ்டாலர் கோப்பை மட்டும் பென்டிரைவில் பத்திரப்படுத்துங்கள். புதிதாக வாங்குபவர்கள் 30 நாள் சோதனைக் காலத்தை வீணாக்காமல் அவர்களின் கேமரா, அவர்களின் மெஷினோடு அந்த நாட்களிலேயே முழுதாகப் பரிசோதித்துவிடுங்கள்.

இலவச, திறமூல மென்பொருள்களில் 'மீர்கே40டி' (MeerK40t) என்பது கே40, ஜிஆர்பிஎல் என்ற லேசர் கட்டுப்பாட்டு போர்டு வகைகளை ஓட்டும், கேமரா வசதியும் உண்டு. ஆனால் பழகுவதற்கு நேரம் ஆகும், அவசர ஆர்டர் கையில் இருக்கும் வாரத்தில் மாறாதீர்கள். விசிகட் இன்னொன்று. லினக்ஸுக்குள் விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் போட்டு அதில் கேமராவை ஓட்டலாம் என்று சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன், கேமரா போல இடைவிடாமல் தகவல் அனுப்பும் கருவிகள் அந்த வழியில் திணறும். கேமரா கட்டாயம், மென்பொருளோ லினக்ஸில் ஒத்துழைக்கவே இல்லை என்றால், லேசருக்கென்று ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப் ஒதுக்குவதுதான் நஷ்டமில்லாத வழி, உங்கள் டிசைன் வேலை முழுதும் லினக்ஸிலேயே இருக்கட்டும்.

கேள்வி: "லினக்ஸில் கேமரா ஓடும்" என்று சொல்லித்தான் மெஷினை விற்றார்கள். இப்போது "அது உங்க கம்ப்யூட்டர் பிரச்சினை" என்கிறார்கள். நான் வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாது என்றும் சொல்கிறார்கள். அப்படியா?

பதில்: அப்படி ஒரே அடியாகச் சொல்ல முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குவது உண்மைதான், ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் தானே பயன்படுத்த வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் வராது என்று அதே பிரிவு 2(7)-இன் விளக்கம் சொல்கிறது. நீங்களே மெஷினை ஓட்டி அதில் பிழைப்பவர் என்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள். ஆள் வைத்துப் பல மெஷின் ஓட்டும் பட்டறை என்றால் அந்த வாதம் நிற்பது கடினம்.

வாயால் பேசியதை விட்டுவிட்டு எழுத்தில் இறங்குங்கள். "லினக்ஸில் ஓடும்" என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், ஓபிஎஸ் சோதனையின் வீடியோ, டெர்மினல் வரிகள், எல்லாவற்றையும் சேர்த்து, சரிசெய்து கொடுக்க ஒரு தேதி குறித்து மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். மெஷின் நன்றாக வெட்டுகிறது, கேமரா மட்டும்தான் பிரச்சினை என்றால் முழு விலையையும் திருப்பிக் கேட்காமல் கேமராவுக்கும் அதைப் பொருத்தியதற்கும் ஆன தொகையைக் கேளுங்கள், அவர்கள் இறங்கி வர அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.