மீனுக்கும் ஓர் ஐ.சி. படம்

(சுங்கை சிப்புட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர், ஓய்வுக்குப் பின் கடலில் முக்குளிப்பவர். வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகள் கனடாவில், வான்கூவர் தீவின் விக்டோரியா நகரில் படிக்கிறாள். அங்கே கடலில் முக்குளித்து மீன்களைப் படமெடுத்து அனுப்புகிறாள். எல்லாமே சாம்பல் நிறம், படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். என்ன மீன் என்று அவளுக்கே தெரியவில்லை. நல்ல கேமரா வாங்கப் பணம் அனுப்பட்டுமா?
ஒரு தாய், பீடோங்

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. பழுது கேமராவில் இல்லை.

என் மகளைப் பார்க்கப் போனபோது அந்தக் கடலில் நானும் ஆறு முறை இறங்கினேன். நம் பெர்ஹெந்தியான் தீவில் 28, 29 டிகிரி வெந்நீரில் குளித்துப் பழகிய உடம்பு. அங்கே 8 டிகிரி. உள்ளே நீர் புகாத உடுப்பு, தடித்த கையுறை. அந்தக் கையுறையோடு கேமராவின் சின்னப் பொத்தான்களை அழுத்துவது நடக்காத காரியம். எல்லாவற்றையும் கரையிலேயே சரிசெய்துகொண்டு இறங்கச் சொல்லுங்கள்.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் தண்ணீர். சிவப்பு ஒளியை அதுதான் முதலில் விழுங்கும்; ஐந்து மீட்டர் ஆழத்திலேயே பெரும்பகுதி போய்விடும். பிளாஷ் அடித்தால் நிறம் திரும்பும், ஆனால் மீனுக்கு ஒரு மீட்டருக்குள் நெருங்க வேண்டும்.

வெள்ளைப் புள்ளிகள் மிதக்கும் நுண்ணுயிர்களும் தூசியும். என் அப்பா விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போவார். பால் பிடிக்கும் மங்கு தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன். பனிமூட்டம் இருந்தால் நெற்றி விளக்கு வெள்ளைச் சுவரைத்தான் காட்டும். விளக்கைக் கழற்றிக் கையை எட்ட நீட்டிப் பிடித்தால் மரம் தெரியும். கடலுக்குள்ளும் அதே கதைதான். பிளாஷ் கேமராவின் தலையில் உட்காரக்கூடாது. ஒரு கை நீளம் தள்ளிப் பக்கத்தில் நிற்க வேண்டும். வசந்தத்திலும் கோடையிலும் அந்தத் தண்ணீர் பச்சைக் கஞ்சி. தெளிவு வேண்டுமென்றால் குளிர்காலம்தான்.

இனி அடையாளம். எத்தனையோ ஆயிரம் ஐ.சி. (அடையாள அட்டை) படம் எடுத்தவன் நான். அழகுக்காகத் தலையைச் சாய்ப்பவர்களை நிமிரச் சொல்லியே வாய் வலித்துவிட்டது. உங்கள் மகளும் முதலில் ஓர் அழகில்லாத படம் எடுக்கட்டும்: மூக்கிலிருந்து வால் வரை முழுப் பக்கவாட்டு, முதுகுத் துடுப்பு விரிந்த நிலையில். கலைப்படம் அதற்குப் பிறகு. ஆழம், இடம், பாறையா மணலா என்பதையும் அன்றே எழுதி வைக்கட்டும்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவாள். நானே ஏமாந்தேன். தலையில் நீலப் புள்ளி போட்ட மீன் ஒன்று, உடம்பெங்கும் செம்பழுப்புப் புள்ளி போட்ட மீன் ஒன்று என்று நோட்டில் இரண்டு இனமாக எழுதினேன். படகோட்டி சிரித்தார். இரண்டும் கெல்ப் கிரீன்லிங். முதலாவது ஆண், இரண்டாவது பெண். அங்கே நிறைய இருக்கும் ராக்ஃபிஷ் வகைகளில் இரண்டைச் சொல்கிறேன்: உடம்பின் பின்பகுதியில், பக்கவாட்டில் நீளமாக ஓடும் கோட்டை ஒட்டி வெளிறிய பட்டை ஓடினால் காப்பர் ராக்ஃபிஷ். முதுகு முட்கள் உயரமாக, இடையிடையே ஆழமாக வெட்டுப்பட்டு நின்றால் குயில்பேக். இதற்குத்தான் துடுப்பு விரிந்த படம் கேட்டேன்.

கேள்வி: இந்த மீன்களுக்குத் தமிழ்ப் பெயர் சொல்லக்கூடாதா?
ஒரு வாசகர், லூனாஸ்

பதில்: நம் கடலில் இல்லாத மீனுக்கு நம் மீனவர் எப்படிப் பெயர் வைப்பார் தம்பி? பாறையில் கிடக்கிறது என்பதற்காகக் கலவா என்றால் தப்பு. பாசாரில் 'ஈக்கான் மேரா' என்று பல இனச் செந்நிற மீன்களை ஒரே தட்டில் விற்பதைப் போலாகிவிடும். ஆங்கிலப் பெயரும் யோக்கியமில்லை. லிங்காட் என்பது 'லிங்' என்ற மீனும் அல்ல, 'காட்' என்ற மீனும் அல்ல. உல்ஃப் ஈல் விலாங்கே அல்ல. அறிவியல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல கோணத்துக்காக மீனைக் கையால் திருப்பலாமா?
ஒரு மாணவர், பஹாவ்

பதில்: கூடாது. குளிர்காலத்தில் ஆண் லிங்காட், வெள்ளை நுரைக்கட்டி மாதிரி இருக்கும் முட்டைக் குவியலை வாரக்கணக்கில் காவல் காக்கும். நீங்கள் அதை விரட்டினால் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். விரட்டாமல் வெறுமனே கிட்டப் போனாலும் பாய்ந்து வரும். என் இடது கையுறையில் அதன் பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.