திரும்பும்போது மட்டும் 0.3 மி.மீ. தள்ளி நிற்கும் ஸ்லைடர்

வியாசர்பாடி நண்பரே, ஸ்டெப்பர் மோட்டார் ஸ்க்ரூவைச் சுற்றி வண்டியை நகர்த்தும் உங்கள் ஸ்லைடர் போகும்போது சரியாக நிற்கிறது, திரும்பினால் மட்டும் 0.3 மி.மீ. தள்ளுகிறது, எப்போதும் அதே அளவு என்கிறீர்கள். அப்படியானால் மோட்டார் ஸ்டெப்பை, அதாவது ஒவ்வொரு சிறு திருப்பத்தை, தவறவிடவில்லை. ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி திரும்பும் உங்கள் மோட்டாரும் சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் ஸ்க்ரூவும் ஸ்டெப்பைத் தவறவிட்டால் நாலு நாலு முழு ஸ்டெப்பாக, அதாவது 0.16 மி.மீ. கணக்கில்தான் தவறும். அந்தப் பிழை பெரும்பாலும் ஓட ஓடக் கூடிக்கொண்டே போகும். இதற்காக நீங்கள் டிரைவர் (மோட்டாரை ஓட்டும் சர்க்யூட்) கரண்டை ஏற்றியது வீண்வேலை, மோட்டார்தான் கொதிக்கும். பழையபடி வைத்துவிடுங்கள்.

இது ஆட்டம், அதாவது பாகங்களுக்கு நடுவே உள்ள தளர்வு. எங்கே என்பதுதான் கேள்வி. எல்லாரும் ஸ்க்ரூவில் ஓடும் பித்தளை நட்டைத்தான் திட்டுவார்கள். அதை மாற்றும் முன், பவர் கொடுத்தபடியே டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) ஸ்க்ரூவின் முனையில் வைத்து, வண்டியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். முள் ஆடினால் ஸ்க்ரூவே நீளவாக்கில் நகர்கிறது. மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் அந்தச் சுருள் கப்ளிங் ஸ்பிரிங் மாதிரி இழுபடுகிறது. பாரிமுனைப் பக்கம் பேரிங் கடையில் நீளவாக்குத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் வாங்கி, ஸ்க்ரூவை இரு பக்கமும் காலர் (பூட்டும் வளையம்) போட்டு இறுக்குங்கள். முள் அசையவில்லையா, சரி, அப்போது நட்டுதான். ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு போடுங்கள்.

அதுவரை புரோகிராமில், திரும்பும்போது 1 மி.மீ. தாண்டிப் போய், எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்கச் சொல்லுங்கள்.