சாவியை யார் கொடுப்பார்?

கேள்வி: வத்தளையில் வசிக்கும் நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மாலையில் புறக்கோட்டைக்கு வந்து 240 ஆம் இலக்க பஸ்ஸில் வீடு சேர இரண்டு மணி நேரம் செல்கிறது. சீனாவில், நெரிசலில் சிக்கிய காரைத் தேடி மோட்டார் சைக்கிளில் இருவர் வருவார்களாம். ஒருவர் கார்க்காரரை ஏற்றிச் செல்ல, மற்றவர் காரைப் பின்னால் ஓட்டி வந்து ஒப்படைப்பாராம். என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிளும் நான்கு இலட்சம் ரூபா சேமிப்பும் உண்டு. இதைக் கொழும்பில் தொடங்கலாமா? கூடவே தேநீர் விற்கவும் கைத்தொலைபேசிகளுக்குக் கையடக்க மின்னேற்றிகளை வாடகைக்குக் கொடுக்கவும் எண்ணியிருக்கிறேன். வேலையை விட்டுவிடலாமா?
— ஒரு வாசகர், வத்தளை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். வேலையை விட வேண்டாம்.

அந்தச் சீனத் தொழிலைப் பற்றி நானும் வாசித்திருக்கிறேன். கேட்பதற்கு இனிக்கிறது என்பதற்காக அதன் கணக்கைப் பார்க்காமல் விட முடியாது. மாலை ஐந்தரை மணிக்குப் பேலியகொடையில் சிக்கிய ஒருவரை உங்கள் மோட்டார் சைக்கிள் சந்து பொந்துகளில் நுழைந்து அரை மணி நேரத்தில் ஜா-எலையில் இறக்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய காரில் ஏறிய உங்கள் ஆள் என்ன ஆவார்? கார்க்காரர் இருந்த அதே இருக்கையில், அதே லொறியின் புகையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்து, ஏழரை மணியளவில்தான் வந்து சேர்வார். அதற்குள் அன்றைய வியாபார நேரமே முடிந்துவிடும். ஆக, ஒரு மாலைக்கு இரண்டு ஆட்கள், ஒரே ஒரு வாடிக்கையாளர். நெரிசலில் கழியும் இரண்டு மணி நேரத்தை நீங்கள் குறைக்கவில்லை. ஒருவரிடம் அதைக் கூலிக்கு வாங்கி இன்னொருவருக்கு விற்கிறீர்கள். சாரதியின் கூலி, பெற்றோல், அவர் திரும்பி வரும் செலவு எல்லாம் போக உங்களுக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டுமானால், ஒரு பயணத்துக்கு நீங்கள் கேட்க வேண்டிய தொகையை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணக்காய்வு நிறுவனத்தில் இருப்பவருக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்தத் தொகையைக் கொடுக்கக் கூடியவர், முன்பின் தெரியாத ஒருவரிடம் நடுவீதியில் காரின் சாவியைக் கொடுக்கவும் வேண்டும். இடையில் ஒரு முச்சக்கர வண்டி உரசிச் சென்றால் யார் பொறுப்பு, வேறொருவர் ஓட்டியபோது நேர்ந்த சேதத்தைக் காப்புறுதி நிறுவனம் ஏற்குமா என்றெல்லாம் கேட்க மாட்டாரா? பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதால், பலர் அணிந்த கவசத்தையே அவருக்கும் நீட்ட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் விட மழை இருக்கிறது. கொழும்பு வீதிகள் முழுதாக இறுகி நிற்பது ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர மழை அடித்து ஊற்றும் நாட்களில்தான். உங்கள் சேவைக்கு ஆகக் கூடுதலாகக் கிராக்கி இருக்கும் அந்த மாலையில், குளிரூட்டிய காரை விட்டு இறங்கி நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் ஏற யாரும் வரப்போவதில்லை. அவசரமாகப் போக வேண்டியவர்களோ காரை வீட்டில் விட்டுவிட்டு, கைத்தொலைபேசிச் செயலியில் மோட்டார் சைக்கிளை அழைத்துப் போக ஏற்கெனவே பழகிவிட்டார்கள்.

வெளிநாட்டு உதாரணங்களையே பார்ப்பதானால் இன்னொன்றையும் பாருங்கள். ஜகார்த்தாவின் பிரதான வீதிகளில் நெரிசல் நேரத்தில் காருக்குள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும் என்ற விதி 1992 இல் வந்தது. உடனே, காசு வாங்கிக்கொண்டு காரில் ஏறி ஆள் கணக்கைச் சரிப்படுத்துவதே ஒரு தொழிலாகிவிட்டது. கைக்குழந்தையோடு ஏறும் பெண் இரண்டு ஆள் என்பதால் அவர்களுக்குக் கிராக்கி இருந்தது. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கிறார்கள் என்ற செய்தி வெளிவந்த பின், 2016 இல் அந்த விதியே நீக்கப்பட்டது. கால் நூற்றாண்டு வாழ்ந்த தொழில் ஓர் உத்தரவோடு முடிந்தது. அத்தகைய ஆபத்து உங்களுக்கு இப்போதைக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: மாலபேயிலிருந்து கோட்டைக்கு யப்பானிய உதவியோடு வரவிருந்த இலகு ரயில் திட்டத்தை 2020 இல் கைவிட்டதன் மூலம் உங்கள் சந்தைக்கு அரசாங்கமே காவல் போட்டிருக்கிறது.

தேநீருக்கு வருகிறேன். 2010 ஓகஸ்டில் பெய்ஜிங்கை நோக்கிய நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றர் வரை நீண்ட நெரிசல் நாட்கணக்கில் நீடித்தபோது, அக்கம்பக்கத்துக் கிராமத்தவர்கள் உடனடி நூடில்ஸைப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அங்கே அடுத்த கடை எங்கே என்று யாருக்கும் தெரியாது. நீர்கொழும்பு வீதியிலோ எட்டிப் பிடிக்கும் தூரத்தில் கடை இருக்கிறது. அத்தோடு, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நிற்கப்போகிறவர் எதையும் குடிக்க அஞ்சுகிறார். எங்கள் அலுவலகத்தில் கந்தானையிலிருந்து வரும் பெண் ஊழியர் ஒருவர் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு தண்ணீர்ப் போத்தலைத் திறப்பதில்லை. காரணத்தை அவர் சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. நெரிசல் பயணிக்கு உண்மையில் இல்லாதது, ஏறுமுன் நம்பிப் போகக்கூடிய ஒரு சுத்தமான கழிவறை. தேநீர் விற்பதை விட, புறக்கோட்டையில் பஸ் ஏறும் இடத்துக்கு அருகில் அப்படி ஒன்றைக் கட்டணத்துக்கு நடத்துவது பிழைக்கக் கூடிய தொழில் என்பேன். ஆனால் இடமும் மாநகர சபை அனுமதியும் வேண்டும். நான்கு இலட்சம் அதற்குப் போதாது.

நெரிசலில் விற்கும் தொழிலை நன்றாக அறிந்தவர் உங்கள் 240 இலேயே ஏறி இறங்குகிறார். களனிப் பாலத்துக்கு முன்னால் முன்கதவால் ஏறும் கச்சான்காரரைச் சொல்கிறேன். ஒருநாள் அவரைக் கவனித்துக்கொண்டு வந்தேன். ஏறும்போதே நடத்துனரிடம் கண்ணால் சம்மதம் வாங்கிவிட்டார். யாரையும் வாங்கச் சொல்லிக் கெஞ்சாமல், இருந்தவர்கள் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சுருளை வைத்துக்கொண்டே பின்னால் போனார். யாரோ ஒரு மாணவனின் கணிதக் கொப்பித் தாளில் சுற்றிய சுருள். திரும்பி வரும்போது சிலர் காசைக் கொடுத்தார்கள், சிலர் சுருளைக் கொடுத்தார்கள். சிங்களத்தில் கேட்டவருக்குச் சிங்களத்திலும் தமிழில் கேட்டவருக்குத் தமிழிலும் மீதிச் சில்லறையை எண்ணினார். இவ்வளவுக்கும் அவர் கண் சமிக்ஞை விளக்கில் இல்லை; சந்தியில் நின்ற பொலிஸ்காரரின் கையில் இருந்தது. விளக்கு எந்த நிறத்தில் எரிந்தாலும் மாலை நேரத்தில் வண்டியை விடுவது அந்தக் கைதானே. கை உயர்ந்து இறங்கியதும் அவர் பின்கதவால் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸை நோக்கி நடந்தார். அவருடைய முதல் முழுவதும் ஒரு கூடைக்குள் அடங்கியிருந்தது.

மின்னேற்றி வாடகையை அந்தக் கூடையோடு ஒப்பிடுங்கள். சுருளைக் கொடுத்துவிட்டால் அவருடைய வேலை முடிந்தது. நீங்களோ கொடுத்த மின்னேற்றியைத் திரும்ப வாங்க அந்தப் பயணி இறங்கும் வரை கூடவே போக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் உங்களுக்கு ஆசை அடங்கவில்லை என்றால், ஒரு செலவில்லாச் சோதனை உண்டு. நான்கு வெள்ளிக்கிழமைகள் மாலையில் பேலியகொடையில் இறங்கி, நின்றுகொண்டிருக்கும் கார்களின் சாரதிகள் இருபத்தைந்து பேரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நீங்கள் தாளில் எழுதிய அந்தத் தொகையைக் கொடுப்பீர்களா? சாவியையும் கொடுப்பீர்களா? ஒரு வெள்ளிக்கிழமையாவது மழை நாளாக இருக்கட்டும். இரண்டுக்கும் ஆம் என்றவர்கள் ஐந்து பேருக்கு மேல் இருந்தால் எழுதி அனுப்புங்கள்; நான் சொன்னது தவறு என்று இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.