தலைக்குள் ஏன் பாடுகிறார்?

கேள்வி: ஸ்பீக்கரில் பாடகர் எதிரே நிற்பதுபோல் இருக்கிறது. இயர்போனில் அதே பாட்டு தலைக்குள் ஒலிக்கிறதே, ஏன்?

பதில்: ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போகிறது. துளி தாமதமாக, தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கலாக. அந்தத் தாமதம் நொடியில் 1,000-ல் ஒரு பங்கைக்கூட எட்டாது. திசை கண்டுபிடிக்க மூளைக்கு அது போதும். முன்னா பின்னா, மேலா கீழா என்பதைக் காது மடலின் மடிப்புகள் சொல்லிவிடும். இயர்போனிலோ இடது ஒலி இடது காதோடு நின்றுவிடுகிறது; மடலையும் தாண்டி உள்ளே போய்விடுகிறது. தலையைத் திருப்பினால் பாட்டும் கூடவே திரும்புகிறது. வெளியே நிற்பவர் அப்படித் திரும்புவாரா?

1973-ல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் பொம்மைத் தலையின் இரு காதுகளிலும் மைக் வைத்து கேயூ 80 என்ற கருவியைக் கொண்டுவந்தது. அவ்வகைப் பதிவை இயர்போனில் கேட்கும்போது முதுகுக்குப் பின்னால் தீப்பெட்டி குலுங்கினால் சட்டென்று திரும்பிப் பார்ப்பீர்கள். ஆனால் உங்கள் மடல் வேறு, பொம்மையின் மடல் வேறு. அதனால் சிலருக்கு முன்னால் இருப்பது பின்னால் கேட்கும்.

பாட்டு விசாலமாகக் கேட்க வேண்டுமா? பின்பக்கம் திறந்த, காதைச் சுற்றி உட்காரும் ஹெட்போன் வாங்குங்கள். அது வீட்டுக்குத்தான்; பேருந்தில் பக்கத்து இருக்கைக்கும் கேட்கும்.