எஸ்.சி. ரோஸ்டர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள்: எங்கே போவது, எதைக் கேட்பது?

கேள்வி: சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குரூப் சி ஊழியர் நான், எஸ்.சி. பிரிவு. ஏழு மாதத்துக்கு முன் குரூப் பி பதவி ஒன்றில் 6 காலியிடங்களுக்கு டி.பி.சி. (துறைப் பதவி உயர்வுக் குழுக் கூட்டம்) நடந்தது. அதில் 2 இடங்கள் எஸ்.சி.க்கு. ஐந்து பேருக்கு ஆணை வந்தது. எஸ்.சி. இடம் ஒன்றில் சீனியாரிட்டியில் 4-ஆவதாக இருந்தவரைப் போட்டுவிட்டு, இன்னொன்றை ‘கோர்ட் கேஸ் நிலுவை’ என்று நிரப்பாமல் விட்டார்கள். பட்டியலில் நான் 21-ஆவது. இடையில் வேறு எஸ்.சி. ஊழியர் இல்லை. அடுத்த மாதமே மனு கொடுத்தேன், இன்றுவரை பதில் இல்லை. நேராக உயர் நீதிமன்றம் போகலாமா? காலம் கடந்துவிட்டதா?

பதில்: உயர் நீதிமன்றத்துக்கு நேராகப் போக முடியாது. காலம் கடந்துவிடவில்லை.

மத்திய அரசு ஊழியரின் பணி வழக்கு முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். 1997-இல் எல். சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தீர்ப்பாயத்தில் தோற்றால்தான் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு. 1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டப்படி, மனு கொடுத்து ஆறு மாதம் பதில் வராவிட்டால் அதன் பிறகு ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். உங்களுக்கு ஆறு மாதம் இப்போதுதான் முடிகிறது, ஆக முழு ஓராண்டு கையில் இருக்கிறது. ஆனால் அதை முழுவதும் செலவழிக்காதீர்கள். அடுத்த டி.பி.சி. கூடுவதற்குள் வழக்கு பதிவாகி எண் பெற்றுவிடுவது நல்லது. இன்னொரு நினைவூட்டல், அதற்கு மேல் இன்னொரு நினைவூட்டல் என்று அனுப்பிக்கொண்டே இருந்தால் கெடு நீளும் என்று பலர் நம்புகிறார்கள். நீளாது. எஸ்.எஸ். ரத்தோர் வழக்கில் 1989-லேயே சொல்லியாகிவிட்டது. இன்றும் பல நல்ல வழக்குகள் இதில்தான் விழுகின்றன.

இனி வழக்கின் உயிர்நாடிக்கு வருவோம். ‘இடஒதுக்கீடு என் அடிப்படை உரிமை, அதை மறுத்துவிட்டார்கள்’ என்று மனுவைத் தொடங்காதீர்கள். பதவி உயர்வில் இடஒதுக்கீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என 2020 பிப்ரவரியில், உத்தராகண்ட் அரசு தொடர்பான முகேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசியலமைப்பின் 16(4ஏ) பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது, கடமை விதிக்கவில்லை என்பது அதன் சாரம். அரசு வழக்கறிஞர் எழுந்ததும் அதைத்தான் படிப்பார். உங்கள் நிலை வேறு. மத்திய அரசு இந்த ஒதுக்கீட்டைக் கொடுப்பது என்று ஏற்கெனவே முடிவெடுத்து, எஸ்.சி.க்கு 15 சதவீதம், எஸ்.டி.க்கு 7.5 சதவீதம் என்று நடைமுறைப்படுத்தியும் வருகிறது. உங்கள் அலுவலகமே இரண்டு இடங்களை எஸ்.சி. என்று குறித்தது. குறித்த பிறகு தகுதியுள்ளவரைப் பரிசீலிக்காமல் விட்டதுதான் தவறு. பதவி உயர்வு உரிமையல்ல; பரிசீலிக்கப்படுவது உரிமை. அந்த ஒரு வாக்கியத்தின் மேல் மனுவைக் கட்டுங்கள்.

‘கோர்ட் கேஸ் நிலுவை’ என்ற காரணம் தேறாது. 2022 ஜனவரி 28-ஆம் தேதி, பதவி உயர்வு ஒதுக்கீடு பற்றிய ஜர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், அதே ஆண்டு ஏப்ரல் 12-இல் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை ஒரு குறிப்பாணை வெளியிட்டது. பிரதிநிதித்துவம் போதவில்லை என்பதற்கான புள்ளிவிவரத்தைத் திரட்ட வேண்டும். ஒவ்வொரு கேடருக்கும் (ஒரே வகைப் பதவிகளின் தொகுப்புக்கும்) தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ரோஸ்டரையும், அதாவது எந்த வரிசை எண் (புள்ளி) எந்தப் பிரிவுக்கு என்று குறிக்கும் பதிவேட்டையும், அந்தக் கேடர் அளவிலேயே இயக்க வேண்டும் என்கிறது அது. நிறுத்தி வையுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் கேடருக்கான புள்ளிவிவரத்தை அலுவலகம் திரட்டவே இல்லை என்றால், அந்தத் தவறின் சுமையை உங்கள் தலையில் வைக்க முடியாது என்று வாதாடலாம். கவனம், இது இரு பக்கமும் வெட்டும் கத்தி. புள்ளிவிவரம் இல்லாமல் உங்களுக்கு உயர்வு கொடுத்தால், பொதுப் பிரிவினர் அதையே காட்டி அந்த ஆணையை ரத்து செய்யக் கேட்பார்கள். எனவே உங்கள் கோரிக்கையில் ‘கேடர் புள்ளிவிவரத்தைக் குறித்த காலத்துக்குள் முடித்து’ என்ற சொற்களும் இருக்கட்டும்.

வழக்கறிஞரிடம் போகுமுன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கேட்க வேண்டியவை: அந்தப் பதவிக்கான நியமன விதிகள், டி.பி.சி. நடந்தபோது இருந்த சீனியாரிட்டி பட்டியல், டி.பி.சி. நடவடிக்கைக் குறிப்பு, ரோஸ்டர் பதிவேட்டின் சான்றிட்ட நகல், 2022 குறிப்பாணைப்படி திரட்டிய புள்ளிவிவரம், இடத்தைக் காலியாக விட எடுத்த முடிவின் கோப்புக் குறிப்பு. மற்றவர்களின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், அந்தச் சாக்கில் மற்றவையும் தாமதமாகும்.

நியமன விதிகளில் முதலில் பார்க்க வேண்டியது, நேரடி நியமனத்தின் பங்கு. அது 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பதவி உயர்வில் ஒதுக்கீடே கிடையாது. ஒற்றைப் பதவி கேடரிலும் இல்லை. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் வழக்கை மறந்துவிடலாம்.

அடுத்து ரோஸ்டர். பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். ‘ஏழாவது காலியிடம் எஸ்.சி.க்கு’ என்று காலியிடத்தை எண்ணும் பழைய கணக்கு, 1995-இல் ஆர்.கே. சபர்வால் தீர்ப்போடு போய்விட்டது. 1997 ஜூலை 2-ஆம் தேதி குறிப்பாணை முதல் பதவியை எண்ணுகிறோம். உதாரணமாக, 20 பதவிகள் கொண்ட கேடரில் 7, 15, 20 ஆகிய புள்ளிகள் எஸ்.சி., 14 எஸ்.டி. அந்த 20 இடங்களும் ஒருமுறை நிரம்பியபின் ரோஸ்டர் முன்னால் ஓடாது. யார் ஓய்வு பெற்றாரோ, அவர் உட்கார்ந்திருந்த புள்ளியின் பிரிவுக்கே அந்த இடம் போகும். எனவே ‘மூன்று எஸ்.சி. இடங்களில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?’ என்ற ஒரே கேள்வியைப் பதிவேட்டில் தேடுங்கள். மூன்று பேரும் ஏற்கெனவே இருந்தால், அலுவலகம் தவறாகக் குறித்தது என்று திருத்திக்கொள்ளும். உங்கள் கோரிக்கை அங்கேயே முடிந்துவிடும். 13 பதவி வரையுள்ள சிறு கேடருக்கு எல் வடிவ ரோஸ்டர். அதன் கணக்கு வேறு, கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டும். கேடரின் பதவி எண்ணிக்கை கூடிய அல்லது குறைந்த ஆண்டுகளில் பதிவேட்டைத் திருத்தி எழுதியிருப்பார்கள்; பிழை பெரும்பாலும் அந்தப் பக்கங்களில் இருக்கும்.

21-ஆவது ஆளான உங்களுக்கு எப்படி வாய்ப்பு என்று அலுவலகம் கேட்கலாம். தேர்வு முறைப் பதவி உயர்வில் 10 காலியிடம் வரை பரிசீலனை வரம்பு (சீனியாரிட்டியில் எத்தனை பேர் வரை பார்க்கலாம் என்பது), காலியிடத்தின் இரு மடங்குடன் நான்கு. 6 இடத்துக்கு 16 பேர். அந்த 16 பேருக்குள் போதிய எஸ்.சி. ஊழியர் இல்லையென்றால், எஸ்.சி., எஸ்.டி. ஊழியருக்கு மட்டும் வரம்பு காலியிடத்தின் ஐந்து மடங்கு வரை நீளும். அதாவது 30. நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். டி.பி.சி. குறிப்பில் இந்த நீட்டித்த வரம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், மறு டி.பி.சி. கேட்க அதைவிட வலுவான ஆவணம் வேண்டியதில்லை.

4-ஆவதாக இருந்தவர் பற்றி ஒரு சலனம் உங்களுக்கு வரும். நான்கு பொது இடங்கள் இருக்கையில் அவர் தன் சொந்த சீனியாரிட்டியிலேயே, எந்தச் சலுகையும் இல்லாமல் வந்தவர். அவரைப் பொதுப் புள்ளியில் காட்டியிருந்தால் இரண்டு எஸ்.சி. இடங்களும் காலியாகியிருக்கும். சலுகையின்றி உயரும் எஸ்.சி., எஸ்.டி. ஊழியரைப் பொதுப் புள்ளியில் காட்டச் சொல்லும் 2010 ஆகஸ்ட் 10 குறிப்பாணை இந்த வாதத்துக்கு இடம் தருகிறது. ஆனால் அந்தக் குறிப்பாணையே பல வழக்குகளில் அடிபட்டது. மேலும் அந்த வாதம் வென்றால் 5-ஆவதாக உயர்ந்தவரின் இடம் போகும், ஆகவே அவரைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் அந்த ஒரு குறைக்காகவே மனு தள்ளுபடியாகலாம். காலியாகக் கிடக்கும் இடத்தை மட்டும் கேட்டால் யாரையும் இறக்க வேண்டியதில்லை. எங்கள் ஆலோசனை, அதை மட்டும் கேளுங்கள்.

கோரிக்கை இப்படி இருக்கலாம்: நீட்டித்த வரம்பில் என்னைப் பரிசீலிக்க மறு டி.பி.சி. கூட்ட வேண்டும், தகுதி கண்டால் மற்ற ஐந்து பேருக்கு உயர்வு கிடைத்த நாளிலிருந்து எனக்கும் உயர்வும் சீனியாரிட்டியும் தர வேண்டும். சீனியாரிட்டிக்கு, ஒதுக்கீட்டில் உயர்பவருக்கு அதற்கேற்ற சீனியாரிட்டியும் தர வழி செய்த அரசியலமைப்பின் 85-ஆவது திருத்தம் துணை நிற்கும். 1995 ஜூன் 17 முதல் செல்லும்படி வந்தது அது. இடைக்கால உத்தரவாகப் பதவி உயர்வையே கேட்க வேண்டாம், கிடைக்காது. ஒரு பதவியை நிரப்பாமல் வைக்கக் கேளுங்கள். கடந்த மாதங்களின் சம்பள நிலுவையையும் எழுதலாம், ஆனால் வேலை பார்க்காத காலத்துக்கு நிலுவை இல்லை, கணக்கில் மட்டும் உயர்வு என்றே பல உத்தரவுகள் முடிகின்றன.

தாழ்த்தப்பட்டோருக்கான தேசிய ஆணையத்துக்கும் ஒரு மனு அனுப்பலாம். கோப்புகளைத் தருவித்து விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. கேட்டும் கிடைக்காத பதிவேடு சிலருக்கு அந்த வழியாகக் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் தடையாணை போட அதற்கு அதிகாரமில்லை என்று 1996-இல், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்க வழக்கில் தீர்ப்பானது. ஆணையத்தில் விசாரணை நடக்கும் நாட்களுக்காகத் தீர்ப்பாயக் கெடுவும் நிற்காது.

தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் 50 ரூபாய். மாநில அரசில் இருக்கும் உங்கள் நண்பர்கள் சொல்லும் ரோஸ்டர் சீனியாரிட்டி வழக்கை இதில் கலக்காதீர்கள். அது 2016-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுப் பணி நிபந்தனைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு பற்றியது, 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்களுக்குத் தனித் தீர்ப்பாயமும் இப்போது இல்லை, உயர் நீதிமன்றத்துக்கே நேராகப் போகலாம்.