டவர், ரேடார், ரேடியோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லி போகும் விமானத்தை டவரில் இருப்பவரே கடைசிவரை பார்த்துக்கொள்வாரா?

இல்லை, கை மாறிக்கொண்டே போகும். எந்த வழி, எந்த உயரம் என்பதைக் கிளியரன்ஸ் டெலிவரி சொல்வார். நிறுத்துமிடத்திலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளும் புஷ்பேக்கிலிருந்து ரன்வே ஓரம் வரை கிரவுண்ட். ரன்வேயும் அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் வானமும்தான் டவருக்கு. மேலே ஏறியதும் விமான நிலையத்தைச் சுற்றி இன்னும் பெரிய வட்டத்தைப் பார்க்கும் அப்ரோச், அப்புறம் நடுவழியைப் பார்க்கும் ஏரியா கன்ட்ரோல். இந்த இரண்டு பேரும் விமானத்தைக் கண்ணால் பார்ப்பதே இல்லை, ரேடார் திரைதான். அடுத்தவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் முந்தையவர் விமானத்தை விடுவார்.

டவரில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சீட்டு உண்டு, ஸ்ட்ரிப் என்போம் (பல இடங்களில் இப்போது அது திரைக்கு மாறிவிட்டது). ரன்வேயைச் சோதிக்க ஜீப் உள்ளே போனால், ரன்வேக்கான இடத்தில் தனியாக ஒரு ஸ்ட்ரிப்பை வைத்துவிடுவோம். வெளியே வந்துவிட்டேன் என்று டிரைவர் ரேடியோவில் சொல்லும்வரை அதை எடுக்க மாட்டோம். ஜீப் உள்ளே இருப்பது ஞாபகம் இருக்கும் என்று நம்பி யாரையும் தரையிறக்கக் கூடாது.

கேள்வி: விமானத்துக்கு முன்னால் இரண்டு கோல்களை ஆட்டுகிறாரே, அவரும் கன்ட்ரோலரா?

இல்லை. அவர் மார்ஷலர், விமானத்தை நிறுத்துமிடத்தில் சரியாக நிறுத்த உதவுபவர்.

கேள்வி: கன்ட்ரோலர் சொன்னதையே பைலட் ஏன் திருப்பிச் சொல்கிறார்? நேரம் வீணாகாதா?

இரண்டு மூன்று விநாடி போகும், போகட்டும். திருப்பிச் சொல்வதில் ஒரு எண் மாறினாலும் அங்கேயே திருத்த வேண்டும், அதனால் பேசுவதைவிடக் காது கொடுத்துக் கேட்பதுதான் இந்த வேலையில் கடினம். 1977இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் அனுமதி வராமலே ஒரு ஜம்போ ஓடத் தொடங்கி, அதே ரன்வேயில் பனிமூட்டத்துக்குள் இருந்த இன்னொரு ஜம்போவில் மோதியது. 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் சொல்லக் கூடாது என்று ஆனது.

நம் நாட்டில் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி, 1996 நவம்பர் 12. 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, எதிரே 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தில் மோதி 349 பேர் போனார்கள். எதிரே விமானம் வருவதைக் கன்ட்ரோலர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனால் அன்றைய டெல்லி ரேடாரில் விமானம் எங்கே என்பது தெரியும், எவ்வளவு உயரத்தில் என்பது தெரியாது. நல்ல கருவி இல்லாமல் கன்ட்ரோலரின் கவனத்தை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த விபத்துதான்.

கேள்வி: நடுக்கடலில் ரேடார் எட்டுமா?

கரையிலிருந்து சுமார் 200, 250 கடல் மைலுக்கு மேல் எட்டாது. அதற்கப்பால் விமானமே செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தைச் சொல்லும், உத்தரவுகளும் எழுத்துச் செய்தியாகப் போகும். ரேடார்போல் தொடர்ந்து பார்க்க முடியாததால்தான் அங்கே விமானங்களுக்கு இடையே இடைவெளி அதிகம்.

கேள்வி: டிகாஸ் ஏறு என்கிறது, கன்ட்ரோலர் இறங்கு என்கிறார். பைலட் யார் பேச்சைக் கேட்பார்?

டிகாஸ் (விமானங்கள் மோதாமல் பைலட்டை எச்சரிக்கும், விமானத்திலேயே உள்ள கருவி) பேச்சை, யோசிக்கவே வேண்டாம். 2002இல் ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே ரஷ்ய விமானம் கன்ட்ரோலர் சொன்னபடி இறங்கியது, எதிரே வந்த சரக்கு விமானம் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள். அந்த இரவு கன்ட்ரோலரோடு கூட இருந்தவர் ஓய்வுக்குப் போயிருந்தார், ஒரே ஆள் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று பைலட் 'டிகாஸ் ஆர்ஏ' (அதாவது ஏறு, இறங்கு என்ற டிகாஸின் உத்தரவு வந்திருக்கிறது) என்று சொல்லிவிட்டால், அது முடிந்தது என்று அவர் சொல்லும்வரை கன்ட்ரோலர் அந்த விமானத்தை ஏறச் சொல்லவோ இறங்கச் சொல்லவோ கூடாது.